கணவரின் இதயம், மனைவியின் இதயம்

1964-ஆம் வருஷம். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், போர்ட்லேண்ட் நகரத்தில் இதய நோய் பற்றிப் பெண்களுக்கென்றே ஒரு மாநாடு நடந்தது. அந்தக் காலத்திலேயே எவ்வளவு விழிப்புணர்வு பாருங்கன்னு சொல்லத் தோணும். மாநாட்டின் பெயர் என்ன தெரியுமா? "இதயங்களும் கணவர்களும்".

கணவருக்கு மாரடைப்பு வராமல் மனைவி எப்படிப் பார்த்துக்கொள்ளணும் என்பதுதான் அங்கே பாடம்.

இத்தனைக்கும் 1948-லேயே ஃபிரேமிங்காம் ஊரில் தொடங்கிய புகழ்பெற்ற இதய ஆய்வில் 5,209 பேர். அதில் பாதிக்கு மேல் பெண்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இதய நோய் சில வருஷங்கள் தள்ளி வருகிறது என்று தெரிந்தது. "தள்ளி வரும்" என்பதை நாம "வராது" என்று புரிந்துகொண்டோம். வினை அங்கேதான்.

ஆஸ்பிரின் கதையைப் பாருங்க. தினம் விட்டு தினம் ஆஸ்பிரின் எடுத்தால் முதல் மாரடைப்பு 44% குறைகிறது என்று 1989-ல் ஓர் ஆய்வு வந்தது. பங்கேற்றவர்கள் 22,071 டாக்டர்கள். அத்தனை பேரும் ஆண்கள். பெண்களுக்குத் தனியாகச் செய்த பெரிய ஆய்வின் முடிவு வர 2005 ஆகிவிட்டது. 39,876 பெண்கள், சுமார் பத்து வருஷம். பக்கவாதம் குறைந்தது, முதல் மாரடைப்பு மொத்தத்தில் குறையவில்லை.

(இதைப் படிச்சிட்டு யாரும் ஆஸ்பிரினை நீங்களா நிறுத்திடாதீங்க. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவங்க, ஸ்டென்ட் வச்சவங்க கணக்கு வேற.)

1991-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்கு முதல் பெண் இயக்குநராக வந்தவர் பெர்னடின் ஹீலி. இதய மருத்துவர். மருத்துவமனையில் சேர்ந்த பெண் இதய நோயாளிகளுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே ஆஞ்சியோவும் பைபாஸும் செய்யப்படுகின்றன என்று அந்த வருஷம் ஆய்வுகள் வெளிவந்தன. ஹீலி அதற்கு "யெண்டில் சிண்ட்ரோம்" என்று பெயர் வைத்தார். யெண்டில், ஒரு யூதக் கதையில் வரும் பெண். வேதம் படிப்பதற்காக ஆண் வேஷம் போட்டவள். தன் இதய நோயும் ஆணுடையதைப் போலத்தான் என்று நிரூபித்த பிறகுதான் பெண்ணுக்குச் சமமான வைத்தியம் கிடைக்கிறது என்றார் ஹீலி. 1993-ல், அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டமே வந்தது.

ஆனா அந்த போர்ட்லேண்ட் மாநாடு நம்ம வீட்டு அடுப்படியில இன்னும் முடியலை.

கணவருக்கு பிரஷர் மாத்திரை வாங்க வந்த ஒரு அம்மா. தனக்குச் சீட்டே போடலை. கிளம்பும்போது, "ரெண்டு நாளா முதுகும் தாடையும் வலிக்குது சார், நடந்தா மூச்சு வாங்குது, கேஸ்தான்னு நினைக்கிறேன்" என்றார். சர்க்கரை நோயாளி. இசிஜி எடுத்தால் மாரடைப்பு.

பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முக்கிய அறிகுறி. கூடவே, சில சமயம் நெஞ்சுவலி இல்லாமலேயே, மூச்சிரைப்பு, தாடை, தோள், மேல்முதுகு வலி, வாந்தி, குப்பென்று வியர்வை, காரணம் தெரியாத அசதி வரலாம். அப்படி வந்தால் சோடா குடிச்சிட்டுப் படுக்காம 108-ஐக் கூப்பிடுங்க.

அட்மிஷன்னு சொன்னதும் அந்த அம்மா கேட்டது இதுதான்: "அவருக்குச் சோறு வச்சிட்டு வந்துடட்டுமா சார்?"