கரி படிந்த கைகள்

கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று. ஆண்டு 1960. இடம், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள்... தலையில் விளக்கு மாட்டிய தொப்பி, முகமெல்லாம் கரி. அவர்களுக்கு எதிரே பளிச்சென்று கோட்டும் டையுமாக ஒருவர். ஜான் எஃப். கென்னடி!

கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைக்குச் சுரங்கத்தில் என்ன வேலை? வேறென்ன, ஓட்டுதான்! ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று முடிவு செய்வதற்கான உட்கட்சித் தேர்தல் அது. போட்டியாளர் ஹூபர்ட் ஹம்ப்ரி. கென்னடி கத்தோலிக்கர். அங்கே இருந்தவர்களோ பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகள். அதுவரை ஒரு கத்தோலிக்கர்கூட அமெரிக்க ஜனாதிபதி ஆனதில்லை. 'இங்கே ஜெயித்துவிட்டால், மதம் ஒரு தடையே இல்லை என்று காட்டிவிடலாம்' என்பது அவருடைய கணக்கு.

ஆனால், ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் அவர் பார்த்தது பசியை! யந்திரங்கள் கரி வெட்ட ஆரம்பித்ததில், பத்தே வருடங்களில் பாதிக்கும் மேற்பட்ட சுரங்க வேலைகள் காணாமல் போயிருந்தன. அரசாங்கம் கொடுத்த மாவிலும் பால் பவுடரிலும்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது.

அந்தப் பிரசாரம் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு தொழிலாளி, ''நீங்க பெரிய பணக்காரர் மகனாமே... கையால ஒருநாளும் வேலையே பார்த்ததில்லையாமே?'' என்று கேட்டாராம். கென்னடி சங்கடத்தோடு ஒப்புக்கொள்ள, ''விடுங்க, நீங்க ஒண்ணும் பெருசா இழந்துடலை!'' என்றாராம் அவர்.

மே 10-ம் தேதி தேர்தலில் கென்னடிக்கு அமோக வெற்றி. ஹம்ப்ரி போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார்.

ஜெயித்த பிறகு மறந்துபோவதுதானே அரசியல் வழக்கம்? கென்னடி மறக்கவில்லை. 1961 ஜனவரி 20-ல் பதவியேற்றார். மறுநாளே போட்ட முதல் உத்தரவு, ஏழைகளுக்கான உணவு உதவியை அதிகரிக்கச் சொல்லி! அந்த மே மாதம், அதே மாநிலத்தின் மெக்டொவல் மாவட்டத்தில், சோதனைத் திட்டத்தின் முதல் உணவுக் கூப்பன்கள் கொடுக்கப்பட்டன. வாங்கியவர், வேலையிழந்த ஒரு சுரங்கத் தொழிலாளி. வீட்டில் மொத்தம் 15 பேர்! கூப்பனைக் கொடுத்து அவர்கள் முதலில் வாங்கியது ஒரு டப்பா பீன்ஸ். 1964-ல் அது நாடு தழுவிய சட்டமாகவே ஆனது. அப்போது கென்னடி உயிரோடு இல்லை.

சரி, சுரங்க மக்களின் கதி? 1950-ல் மெக்டொவல் மாவட்டத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் இருந்தார்கள். 2020-ல் சுமார் 19 ஆயிரம்தான். கூப்பன் வந்தது, போன வேலை திரும்பி வரவில்லை.

அந்தப் படத்தைத் திரும்பப் பாருங்கள். பளிச்சென்று நிற்பவரின் பெயர் உலகத்துக்கே தெரியும். கரி படிந்த முகங்களின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?