மாட்ரிட்டில் எழுந்த மாஸ்கோ

1965. ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டின் ஓரத்தில் ட்ராம் தண்டவாளத்தோடு ஒரு மாஸ்கோ வீதியே நின்றது. டேவிட் லீன் இயக்கிய ‘டாக்டர் ஷிவாகோ’ படத்துக்காகக் கட்டியது அது. ரஷ்யப் புரட்சியும் உள்நாட்டுப் போரும் பிரித்துப்போட்ட ஒரு காதல் கதையை ரஷ்யாவில் படமாக்க வழியில்லை. மூல நாவலுக்கே அங்கே தடை. லீன் போன ஸ்பெயினும் உள்நாட்டுப் போரில் வெந்த நாடுதான். 1936 முதல் 1939 வரை ஒரே ஊர்க்காரர்கள் எதிரெதிர் அணியில் நின்று சுட்டுக்கொண்ட மண். அதில் வென்ற ஃபிராங்கோதான் அப்போதும் ஆட்சியில் இருந்தார்.

படத்தில் ஊர்வலம் போகிறவர்கள் இடதுசாரிகளின் ‘இன்டர்நேஷனல்’ கீதத்தைப் பாட வேண்டும். ஃபிராங்கோவின் நாட்டில் வாய்விட்டுப் பாட முடியாத பாட்டு அது. துணை நடிகர்களாக வந்தவர்களோ உள்ளூர் மக்கள். இரவுப் படப்பிடிப்பில் அவர்கள் பாடிய சத்தம் அக்கம்பக்கத்தை எழுப்பிவிட்டதாம். ஃபிராங்கோ ஆட்சி முடிந்தது என்று நம்பிச் சிலர் தெருவுக்கு வந்தார்கள், பின்னாலேயே போலீசும் வந்தது என்று இந்தப் படத்தின் வரலாற்றில் சொல்வார்கள். கூட்டத்தில் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு அது படத்துக்காகச் சொல்லிக்கொடுத்துக் கற்ற பாட்டாக இருந்திருக்காது. படம் வாங்கிய ஐந்து ஆஸ்கர்களைவிட எனக்கு அந்த இரவு பெரிது.

அந்தக் குளிர்காலத்தில் பனியும் போதிய அளவு விழவில்லை. பளிங்குத் தூளைக் கொட்டி ரஷ்யப் பனிவெளியை உண்டாக்கினார்கள்.

நாவலை எழுதிய பாஸ்டர்நாக் இந்தப் படத்தைப் பார்க்க உயிரோடில்லை. 1956இல் ‘நோவி மிர்’ இதழ் நாவலைத் திருப்பி அனுப்பியது. இத்தாலிக்குப் போன கையெழுத்துப் பிரதி 1957இல் மிலானில் அச்சேறியது. மறு ஆண்டு நோபல் பரிசு அறிவித்ததும் சோவியத் எழுத்தாளர் சங்கம் அவரை வெளியேற்றியது. நெருக்கடி தாங்காமல் பரிசை மறுத்தவர், 1960 மே 30 அன்று மறைந்தார்.

அவரோடு அந்த நெருக்கடி முடியவில்லை. நாவலின் நாயகி லாராவுக்குத் தூண்டுதலாக இருந்த அவருடைய காதலி ஓல்கா இவின்ஸ்கயா, 1949இலேயே கைதானவர். வயிற்றில் இருந்த பிள்ளையைச் சிறையில் பறிகொடுத்தார். 1953 வரை கட்டாய உழைப்பு முகாமில் இருந்தார். பாஸ்டர்நாக் இறந்த அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் கைது. இந்த முறை மகளையும் பிடித்துக்கொண்டார்கள். ஓல்கா வெளியே வந்தது 1964இல். ஸ்பெயினில் ஜூலி கிறிஸ்டி லாராவாகக் கேமரா முன் நின்றபோது, அந்த லாராவுக்காகத் தண்டனை அனுபவித்தவர் முகாமைவிட்டு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை.

1988இல் அதே ‘நோவி மிர்’ நாவலை வெளியிட்டது. படம் ரஷ்யத் திரையரங்குகளுக்கு வந்தது 1994இல். ஓல்கா 1995இல் மாஸ்கோவில் காலமானார்.

(தொடரும்)