அப்பாரு எழுதிக் குடுத்த காடு

எங்க ஊர் அரசு உயர்நிலைப்பள்ளி நிக்கிற இடம் ஒரு காலத்துல எங்க அப்பாரோட மானாவாரிக் காடு. கடலையும் சோளமும் வெளஞ்ச பூமி. கைநாட்டு வைக்கிற மனுசன் பள்ளிக்கூடத்துக்கு ஏன் காட்டை எழுதிக் குடுத்தாருன்னு சின்ன வயசுல எனக்குப் புரிஞ்சதில்லை. அந்தக் காலத்து வரலாறு தெரிஞ்ச பிறகுதான் புரிஞ்சுது.

1953-ல் ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்ப கிராமத் தொடக்கப்பள்ளிகளுக்கு ஒரு திட்டம் வந்தது. பிள்ளைங்க தினம் மூணு மணி நேரம் படிக்கணும், மிச்ச நேரம் அப்பன் தொழிலைப் பழகணும். 'குலக்கல்வி'ன்னு பெரியார் எதிர்த்தார். 1954-ல் காமராஜர் வந்து அதை நிறுத்தினார். 1956-ல் மதிய உணவு வந்தது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்ன நின்னு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். ஜனங்க பெஞ்சு, கரும்பலகை, மணி, நிலம்னு அவங்கவங்களால ஆனதைக் குடுத்தாங்க. அரசாங்கம் வாத்தியாரைக் குடுத்தது. இடத்தை ஊர் குடுத்தது. அப்படிக் குடுத்தவங்கள்ல எங்க அப்பாரும் ஒருத்தர்.

எங்கப்பா அங்க படிச்சார். அப்போ எஸ்.எஸ்.எல்.சி.ங்கறது பதினோராம் வகுப்பு. கணக்குல கோட்டை விட்டுட்டு ஏர் பிடிக்க வந்துட்டார். ஆனா கூட்டுறவு சொசைட்டிக் கடன் பாரத்தை வீதிக்கே நிரப்பிக் குடுத்தவர் அவர்தான். 1978-ல் பிளஸ் டூ முறை வந்ததும் எங்க பள்ளி பத்தாவதோட நின்னுபோச்சு. மேல படிக்க டவுனுக்குத்தான் போகணும். அந்த இடத்துல நின்னவங்க பெரும்பாலும் பொம்பளப் பிள்ளைங்கதான். இலவச சைக்கிள் வந்த பிறகு அது கொஞ்சம் மாறுச்சு.

விளையாட்டுன்னா கபடி, கோ-கோ, பூப்பந்து. செலவில்லாத ஆட்டம். கோ-கோவுக்கு ரெண்டு கம்பம் போதும், கபடிக்கு அதுவும் வேண்டாம். டீக்கடையில தனி டம்ளர் இருந்த காலத்துல, கோட்டுக்குள்ள வந்தவன் காலைப் பிடிக்கறப்ப அவன் எந்தத் தெருன்னு யாரும் பாக்கலை. குறுவட்டப் போட்டிக்கு ஒரே டெம்போவுல போனோம். திரும்பி வந்து தண்ணி குடிக்க மட்டும் அவனவன் தெருவுக்குப் போனோம். அதையும் மறைக்காம சொல்லணும்.

இப்போ காலையில ஏழு மணிக்கே ஊருக்குள்ள மஞ்சள் வேன் வருது. வசதி உள்ளவன் பிள்ளையெல்லாம் அதுல போயிடுது. பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சா வாத்தியாரை 'உபரி'ன்னு கணக்குப் போட்டு, பணி நிரவல்ல வேற ஊருக்கு மாத்திடுவாங்க. வாத்தியார் இல்லேன்னு இன்னும் நாலு பேர் வேன்ல ஏத்துவாங்க. ஒரு பள்ளிக்கூடத்தை யாரும் இழுத்து மூட வேண்டியதில்லைங்க. இப்படியே அது தானா காலியாகும்.

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கான்னு கேட்டா, இல்லைதான். மூத்தவனை அஞ்சு வருஷமா அந்த வேன்லதான் நான் ஏத்தி விட்டேன். காடு குடுத்தவர் பேரன் கடன் வாங்கி ஃபீஸ் கட்டினேன்.

இந்த ஜூன்ல சின்னவளை நம்ம பள்ளியில ஆறாவது சேத்திருக்கேன். 2020-ல் வந்த 7.5 சதவீத மருத்துவ இடஒதுக்கீட்டுக்கு ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். அந்தக் கணக்கும் மனசுல இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். வீட்டுல ரெண்டு நாள் பேச்சில்லை. "உங்க பெருமைக்கு எம்பிள்ளை படிப்பைப் பணயம் வைக்காதீங்க"ன்னா. அவ சொன்னதுலயும் நியாயம் இருக்கு.

நேத்து சாயங்காலம் சின்னவ முட்டி நிறைய செம்மண்ணோட வந்தா. கோ-கோ டீம்ல எடுத்துக்கிட்டாங்களாம். அது எங்க அப்பாரு காட்டு மண்ணு. ஆத்தா கழுவி விடறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்.