அன்று நம் வீடுகளில்

யூபிலி மலர் என்றால் ஆலயம் எழுந்த கதையும், பணியாற்றிய குருக்களின் வரிசையும், நன்கொடையாளர் பட்டியலும் இடம்பெறுவது வழக்கம். இம்மலரிலும் அவை உள்ளன, இருக்கவும் வேண்டும். ஆயினும் அந்த ஆலயத்தில் முழந்தாளிட்டு எழுந்தவர்கள், வீடு திரும்பிய பின் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதையும் சிறிது எழுதி வைப்பது தகும் என எண்ணுகிறோம்.

பங்கு இல்லத்து அலமாரியில் மூன்று ஏடுகள் இருக்கின்றன: ஞானஸ்நான ஏடு, மெய்விவாக ஏடு, மரண ஏடு. பழையவை லத்தீன் மொழியில் எழுதப்பட்டவை. ஒருவருடைய ஆயுளில் மூன்று நாட்களை மட்டுமே இவை அறியும். எனினும் இவற்றுக்கு ஒரு பெருமை உண்டு. நிலப் பட்டாவில் அபூர்வமாகவே காணக்கூடிய தாயின் பெயர், ஞானஸ்நான ஏட்டில் தந்தையின் பெயருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மரியாயி, ஆரோக்கியம், சவரியம்மாள், ஞானம்மாள் என்று வரிசை வரிசையாக வரும் அந்தத் தாய்மாரின் மற்ற நாட்களைப் பற்றியே இங்குப் பேசப் போகிறோம்.

இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளை முற்காலச் சேசு சபைக் குருக்கள் மறவநாடு என்றே எழுதினார்கள். இம்மறவநாட்டில் வேதத்தின் கதையே ஒரு குடும்பக் கதையாகத்தான் இரத்தம் சிந்தியது. தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றபோது, ஒரே மனைவியுடன் வாழ வேண்டும் என்ற கட்டளையை ஏற்று ஏனைய மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவருடைய முறையீட்டிலிருந்து மூண்ட சினமே, புனித அருளானந்தரை 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூர் மணலில் தலை வெட்டுண்டு விழச் செய்தது. 1947இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டதை நாம் கொண்டாடுகிறோம். விலக்கப்பட்ட அந்தப் பெண்களோ, நமக்குச் சொல்லப்பட்ட சரித்திரத்தில் அதன் பின் வருவதேயில்லை.

1773இல் சேசு சபை கலைக்கப்பட்டு, அச்சபைக் குருக்கள் 1838இல் மதுரை மிசியோனுக்குத் திரும்பும் வரையில், இச்சீமையில் குருக்களைக் காண்பதே அரிது. அந்த நெடுங்காலத்தில் வேதத்தைக் காத்தவர்கள் உபதேசியார்களும் வீட்டுத் தாய்மாருமே.

வீட்டு வாழ்வு என்றால் இந்த வறண்ட பூமியில் முதலில் தண்ணீர்தான். கண்மாய் பயிருக்கு, ஊருணி குடிப்பதற்கு. கோழி கூவுமுன் பெண்கள் சும்மாட்டையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள். ஊருணித் தண்ணீர் பால்போலக் கலங்கியிருக்கும். குடத்தின் வாயில் வேடு கட்டி வடிப்பார்கள். தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்து வைத்தால், சற்று நேரத்தில் மண் அடியில் தங்கிவிடும். சித்திரை, வைகாசியில் ஊருணியும் வற்றினால் வழி வேறு. கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்கக் கொட்டாங்கச்சியால் அள்ள வேண்டும். முறை வைத்து இராமுழுதும் காத்திருப்பார்கள். ஒரு குடம் நிறைவதற்குள் ஐம்பத்துமூன்று மணி ஜெபம் முடிந்துவிடும் என்று பாட்டிமார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கை என்று நாம் சிரிக்கலாம். மூன்று குடத்துக்கு மூன்று ஜெபமாலை, அதன் பிறகு வயல் வேலை, அதன் பிறகு அடுப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் இந்நூற்றாண்டில்தான் இச்சீமைக்கு வந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்தத் தண்ணீர் எல்லாருக்கும் ஒரே துறையில் கிடைத்ததில்லை. இச்சீமையின் பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஊருணியில் இறங்க முடியாமல், பிறர் ஊற்றும்வரை கரையில் நின்றார்கள். ஒரே ஞானஸ்நானத் தண்ணீரைத் தலையில் வாங்கியவர்கள், குடிதண்ணீருக்கு வேறு வேறு கரையில் நின்றதும், ஆலயத்திலும் கல்லறையிலும் இடம் பிரித்துக்கொண்டதும் நம் தாத்தா காலத்துக் கதை மட்டுமல்ல. யூபிலி மகிழ்ச்சியில் இதை விட்டுவிட்டால் நாம் எழுதுவது பாதிச் சரித்திரமே ஆகும்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கேப்பைக் கூழ், கம்பஞ்சோறு, வரகரிசிச் சோறு. நெல்லுச்சோறு கிறிஸ்துமசுக்கும் பாஸ்குவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும். புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழையை எதிர்பார்ப்பார்கள். மழை பொய்த்தால் விதையும் போயிற்று. தைமாத அறுவடைக்குப் பின் மிளகாய், பருத்தி. பனை உள்ள ஊர்களில் பங்குனி முதல் ஆடி வரை ஆண் மரமேறுவான். பெண் புகைக்குள் அமர்ந்து பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பாள். தபசுகாலம் நாற்பது நாள் என்று ஞானோபதேசத்தில் படித்தோம். இங்கே பல வீடுகளில் அது அதைவிட நீண்டிருந்தது.

அந்தி மணி அடித்ததும் திரிகால ஜெபம். பிறகு பனையோலைக் கூரையின் கீழ், திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால், அரிக்கேன் விளக்கைத் திரி தாழ்த்தி வைத்து ஜெபமாலை. மண்ணெண்ணெய் விலை அப்படி. மாதா பிரார்த்தனை வருவதற்குள் பிள்ளைகள் தூங்கி விழுவார்கள்; அப்பத்தா தலையில் ஒரு குட்டு வைத்து எழுப்புவார். எழுத்தறியாத அந்த அப்பத்தாவுக்குப் பெரிய ஜெபங்கள் யாவும் மனப்பாடம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் பூசை தமிழில் வந்தது என்று சொல்கிறோம். அது பீடத்தைப் பொறுத்தமட்டில் உண்மை. நம் வீட்டுத் திண்ணையில் தமிழ் அதற்கு இருநூறு, முந்நூறு ஆண்டு முன்பே ஜெபித்துக்கொண்டிருந்தது.

சுவாமியார் மாட்டு வண்டியில் வந்தால் கிளைக்கிராமமே கூடிவிடும். ஒரே வருகையில் பாவசங்கீர்த்தனம், பூசை, பல மாதங்களாகப் பிறந்த பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம், ஓலை வாசித்து முடிந்த ஜோடிகளுக்கு மெய்விவாகம் எல்லாம் நடக்கும். அவர் வரும்வரை தாங்காது என்ற சிசுவுக்கு உபதேசியாரோ மருத்துவச்சியோ ஆபத்து ஞானஸ்நானம் கொடுக்க வேண்டியிருந்தது. மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டுவது நம் முறை. திருச்சபைச் சட்டத்திலோ அது இரத்த உறவுத் தடை. ஆகவே மேற்றிராணியாரின் அதிகாரத்திலிருந்து விலக்கு வாங்க வேண்டும். மெய்விவாக ஏட்டில் இத்தகைய விலக்குகள் குறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால், நம் உறவுமுறையும் ரோமாபுரியின் சட்டமும் எத்தனை முறை நேருக்கு நேர் சந்தித்தன என்பது விளங்கும்.

மழை பொய்த்த ஆண்டுகளில் ஆண்கள் கப்பலேறினார்கள். தனுஷ்கோடி வழியாக இலங்கைக்கு, நாகப்பட்டினம் வழியாக மலாயாவுக்கு, பர்மாவுக்கும் பலர். தபால்காரர் மணியார்டர் கொண்டுவரும் நாளே வீட்டுக்குத் திருநாள். வீட்டில் இருந்தவள் கடனையும் கண்மாய் முறையையும் மாமியாரையும் பிள்ளைகளின் புதுநன்மையையும் தனியே தாங்கினாள். 1942இல் ஜப்பானியர் படை பர்மாவுக்குள் புகுந்தபோது, அங்கிருந்த இந்தியர் பல இலட்சம் பேர் காடும் மலையும் கடந்து கால்நடையாகப் புறப்பட்டார்கள். வழியில் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை.

போனவர்களில் சிலருக்கு ஞானஸ்நான ஏட்டில் பெயர் உண்டு. மெய்விவாக ஏட்டிலும் உண்டு. மரண ஏட்டில் மட்டும் இல்லை. கணவன் இறந்தான் என்பதற்குச் சான்று இல்லாமல் மனைவி மறுமணம் செய்யத் திருச்சபை அனுமதிக்காது. இறக்கவில்லை என்பதற்கும் சான்று இல்லை. விதவைக்குரிய இரக்கமும் சுமங்கலிக்குரிய மதிப்பும் முழுமையாகக் கிட்டாமல், தாலிச் சரட்டில் கோத்த சிலுவையோடு முதுமையடைந்த பெண்கள் இச்சீமையில் இருந்தார்கள். மரித்தோர் தினமான நவம்பர் 2ஆம் நாளில் ஊரார் தத்தம் கல்லறைகளுக்கு வெள்ளையடித்துப் பூப்போட்டு மெழுகுதிரி ஏற்றும்போது, இவர்களுக்கு ஏற்றுவதற்குக் கல்லறை இல்லை. கல்லறைத் தோட்டத்தின் நடுவிலுள்ள பெரிய சிலுவையின் அடியில் ஒரு திரியைப் பொருத்திவிட்டு, பெயர் சொல்லாமல் வீடு திரும்புவார்கள்.