பதின்பருவத்தினரின் அந்தரங்கப் படப் பகிர்வும் இலங்கைச் சட்டமும்

பதினெட்டு வயதுக்குட்பட்டோர் தம் அந்தரங்கப் படங்களைக் கைபேசி வழியே விருப்பத்தோடு பரிமாறிக்கொள்வதால் எழும் சட்டச் சிக்கல்.

சட்டம்: 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையில் 286அ பிரிவைச் சேர்த்தது. சிறுவரை ஆபாசப் படத்தில் தோன்றத் தூண்டுவதும், அப்படத்தை விற்பதும், பகிர்வதும், வைத்திருப்பதும் குற்றம். தண்டனை 2 முதல் 10 ஆண்டு வரை சிறை, அபராதமும் விதிக்கலாம்.

எதிர்பாரா விளைவு: சிறுவரைச் சுரண்டும் வளர்ந்தோரை நோக்கி எழுந்த இச்சட்டம், கைபேசிக் கமரா பரவுவதற்கு முந்தையது. பாலுறவுக்கான சம்மத வயது 16. படத்தைப் பொறுத்தமட்டில் 18 வரை சிறுவரே. ஆகவே 17 வயதுக் காதலர் இருவரின் உறவு குற்றமாகாதிருக்க, ஒருவர் கேட்டு மற்றவர் அனுப்பிய படம் கேட்டவரைக் குற்றவாளியாக்கக்கூடும். குற்றப் பொறுப்பு வயது 2018இல் 8இலிருந்து 12ஆக உயர்ந்தபோதும், அது 17 வயதினரைக் காக்காது.

தீவகம்: யாழ்ப்பாணத் தீவகத்தின் புங்குடுதீவிலுள்ள மடத்துவெளி போன்ற சிற்றூரில் எல்லோரும் எல்லோரையும் அறிவர். முறைப்பாடு செய்தால் தாமும் சிக்குவோமோ என்ற அச்சம், அனுப்பிய படத்தைக் காட்டி மிரட்டப்படும் பிள்ளையின் வாயை அடைத்துவிடும்.

சீர்திருத்தம்: தம் படத்தைத் தாமே எடுத்த பிள்ளையைத் தண்டிக்கலாகாது என ஐ.நா. சிறுவர் உரிமைக் குழு 2019இல் வழிகாட்டியது. சம்மதப் பகிர்வையும் மிரட்டலையும் சட்டம் பிரித்தறிய வேண்டும். பாதிக்கப்பட்டோர் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை 1929 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.