ஷஜருத் துர்: ஓர் அரிய அரபுப் பெண்பெயரின் பொருளும் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

கி.பி. 1250ஆம் ஆண்டில் எகிப்தை ஆண்ட பெண் சுல்தான் 'ஷஜருத் துர்' என்னும் பெயரால் வரலாற்றில் அறியப்படுகிறார். 'முத்து மரம்' என்று பொருள்படும் இப்பெயர், பின்வந்த தலைமுறைகளில் பெண் குழந்தைகளுக்கு இடும் பெயராகப் பரவவில்லை. இதன் சொற்பொருளையும், இது தோன்றிய பெயரிடல் மரபையும், ஆட்சி ஆவணங்களில் இது விடுபட்டதையும், புகழ் பெற்றும் பரவாமல் நின்றதற்கான காரணங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஷஜருத் துர், அரபுப் பெயரியல், மம்லூக் அரசு, அய்யூபியர், நாணயவியல், அடிமைமுறை.

முன்னுரை

ஒருவரின் பெயர் அவரைப் பெற்றோரின் விருப்பத்தைக் காட்டும் என்பது பொதுவான கருத்து. அடிமைமுறை நிலவிய சமூகங்களில் இக்கருத்து எல்லோருக்கும் பொருந்துவதில்லை. விலைக்கு வாங்கப்பட்டவரின் பெயரை வாங்கியவரே இட்டார். அப்பெயர் எவ்வளவு அழகியதாயினும், அதற்கு முன்பிருந்த பெயரை அழித்தே அது வந்து சேர்ந்தது. ஷஜருத் துர் என்னும் பெயரை அதன் அழகுக்காக மட்டும் போற்றுவோர் இவ்வரலாற்றைக் காணத் தவறுகின்றனர். எனவே, பெயரின் பொருளோடு, பெயர் இடப்பட்ட சூழலையும் சேர்த்தே நோக்க வேண்டியுள்ளது.

சொல்லும் பொருளும்

இப்பெயர் இரு சொற்களால் ஆனது. 'ஷஜர்' என்பது மரங்களைத் தொகுதியாகச் சுட்டும் சொல். தனி மரத்தைக் குறிக்க 'ஷஜரா' என்பர். 'துர்ர்' என்பது முத்துகளைக் குறிக்கும் தொகுதிப்பெயர். ஒற்றை முத்து 'துர்ரா' எனப்படும். ஷஜர் என்பதும் அத்துர்ர் என்பதும் புணரும்போது இடையிலுள்ள 'அல்' என்னும் சுட்டிடைச்சொல்லின் லகரம், வருமொழியின் முதலெழுத்தாகவே திரிந்து இரட்டிக்கிறது. இதனாலேயே தமிழில் 'ஷஜருத் துர்' என எழுதுவது ஒலிப்புக்கு நெருக்கமாகிறது. இடைக்கால நூல்களில் பெரும்பாலும் ஷஜருத் துர் என்னும் வடிவமே காணப்படுகிறது. இன்றைய எகிப்திய வழக்கில் 'ஷஜரத்துத் துர்' என்னும் ஒருமை வடிவம் பெருவழக்காகியுள்ளது.

'துர்ர்' என்பதன் வேர், பால் போன்றவை பெருகிச் சுரத்தலைக் குறிப்பது. குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்தின் ஒளி வசனத்தில் சுடர்விடும் விண்மீனைக் குறிக்க இவ்வேரோடு தொடர்புடைய 'துர்ரிய்' என்னும் அடை ஆளப்பட்டுள்ளது. எனவே முத்தின் விலைமதிப்போடு, ஒளி, பெருக்கம் ஆகிய பொருட்சாயல்களும் இச்சொல்லில் சேர்ந்துள்ளன.

இத்தொடர் அரசியின் பெயராகப் புகழ்பெறுவதற்குச் சுமார் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே நூற்பெயராக ஆளப்பட்டுள்ளது. கி.பி. 10ஆம் நூற்றாண்டில் அலெப்போவில் வாழ்ந்த மொழியறிஞர் அபுத் தய்யிப் அல்லுகவி, தம் சொற்பொருள் நூலுக்கு இப்பெயரைச் சூட்டினார். ஒரு சொல்லின் பொருளிலிருந்து இன்னொரு சொல்லும், அதன் வேறு பொருளிலிருந்து மற்றொரு சொல்லும் கிளைக்கும் வகையில் அமைந்த அந்நூலின் ஒவ்வொரு பகுதியும் 'மரம்' எனப்படுகிறது. ஆகவே இது கற்றோர் அறிந்த அணிநயத் தொடர் என்பது தெளிவு.

அழகுப் பெயரும் அடிமை நிலையும்

முத்தைக் குறிக்கும் பெயர்கள் யாவும் அடிமைப் பெயர்கள் அல்ல. நபிகளாரின் காலத்திலேயே அபூலஹபின் மகள் துர்ரா என்றும், அபூதாலிபின் மகள் ஜுமானா என்றும் பெயர் பெற்றிருந்தனர். இருவரும் குறைஷிக் குலத்தின் சுதந்திரப் பெண்டிர். இரு பெயர்களும் முத்தோடு தொடர்புடையவை. எனினும் அப்பாசியர் காலம் தொட்டு, மணி, நறுமணம், செடிகொடி ஆகியவற்றின் பெயர்களை அடிமைகளுக்கு இடுவது பெருவழக்காயிற்று. பாக்தாதில் வளர்ந்த புவியியல் அறிஞர் யாகூத் ('மாணிக்கம்'), எகிப்தை ஆண்ட காஃபூர் ('கற்பூரம்'), மோசுல் நகரின் ஆட்சியாளர் பத்ருத்தீன் லுஃலுஃ ('முத்து') ஆகியோர் அடிமை நிலையிலிருந்து உயர்ந்தோரே. ஹாரூன் அல்ரஷீதின் தாயான கைசுரானும் அடிமையாக அரண்மனைக்கு வந்தவர். அவர் பெயருக்கு 'மூங்கில்' அல்லது 'பிரம்பு' என்று பொருள்.

சுதந்திரக் குடியிற் பிறந்த பெண்டிரும் இத்தகைய அணிப்பெயர்களைப் பெற்றதுண்டு. எகிப்தின் ஆட்சியாளர் குமாரவைஹின் மகள் 'கத்ருன் நதா' ('பனித்துளி') என்று அழைக்கப்பட்டார். ஆனால் அவருக்கு அஸ்மா என்னும் பிறப்புப்பெயரும் இருந்தது. வரலாறு இரண்டையும் பதிந்துள்ளது. ஹாரூனின் மனைவி சுபைதாவின் பெயரும் பாட்டனார் மன்சூர் செல்லமாக இட்டதென்பர். ஷஜருத் துர்ருக்கோ அவ்வாறு இரண்டாவது பெயர் எதுவும் நூல்களில் இல்லை. அவர் துருக்கிய இனத்தவர் என்று பெரும்பாலோரும், ஆர்மீனியர் என்று சிலரும் எழுதியுள்ளனர். தாய்மொழியில் அவர் பெற்ற பெயர் முற்றிலும் மறைந்துவிட்டது. பனித்துளிக்குப் பின்னால் ஓர் அஸ்மா இருந்தார். முத்து மரத்துக்குப் பின்னால் வெற்றிடமே எஞ்சியுள்ளது. ஒரே வகைப் பெயர், பெற்றவரின் நிலைக்கேற்ப வெவ்வேறு பொருளைத் தருவதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

ஆட்சியில் மறைந்த பெயர்

அய்யூபிய இளவரசர் அஸ்ஸாலிஹ் அய்யூப், எகிப்தின் சுல்தானாவதற்கு முன்பே ஷஜருத் துர் அவருடன் இருந்தார். அவர் கராக் கோட்டையில் சிறைவைக்கப்பட்ட காலத்திலும் உடனிருந்தார். அவருக்குக் கலீல் என்னும் மகனைப் பெற்றார். அக்குழந்தை இளமையிலேயே இறந்தது. 1249 ஜூனில் பிரான்சு மன்னர் ஒன்பதாம் லூயி தலைமையிலான சிலுவைப்படை தமியெத்தாவைக் கைப்பற்றியது. அதே ஆண்டு நவம்பரில் மன்சூராப் படைமுகாமில் அஸ்ஸாலிஹ் இறந்தார். ஷஜருத் துர் படைத்தலைவர் பக்ருத்தீனோடு சேர்ந்து அச்சாவை மறைத்தார். சுல்தானின் பெயராலேயே ஆணைகள் தொடர்ந்து வெளிவந்தன. 1250 ஏப்ரலில் லூயி சிறைப்பட்டார். மே மாதத் தொடக்கத்தில் புதிய சுல்தான் தூரான்ஷா கொல்லப்பட, மம்லூக் படைத்தலைவர்கள் ஷஜருத் துர்ரை ஆட்சியில் அமர்த்தினர்.

இங்கு நாணயச் சான்று முதன்மை பெறுகிறது. இஸ்லாமிய அரசியல் மரபில் நாணயத்திலும் வெள்ளிக்கிழமைக் குத்பாவிலும் பெயர் இடம்பெறுவதே ஆட்சியுரிமையின் அடையாளம். ஹிஜ்ரி 648இல் வெளியான அவருடைய நாணயத்தில் 'முஸ்தஃஸிமிய்யா', 'ஸாலிஹிய்யா', 'முஸ்லிம்களின் அரசி', 'அல்மலிக் அல்மன்சூர் கலீலின் தாய்' ஆகிய தொடர்கள் உள்ளன. முதலாவது பாக்தாத் கலீஃபா முஸ்தஃஸிமையும், இரண்டாவது மறைந்த கணவரையும், இறுதித்தொடர் மறைந்த மகனையும் சார்ந்தவை. ஷஜருத் துர் என்னும் பெயர் அதில் இல்லை. ஆவணங்களிலும் அவர் 'கலீலின் தாய்' என்றே ஒப்பமிட்டார்.

பிள்ளையின் பெயரால் தாயைச் சுட்டுவது அரபு மரபில் மதிப்புக்குரிய வழக்கமாகும்; 'இன்னாரின் அம்மா' என்றழைக்கும் வழக்கம் தமிழ்ச் சமூகத்துக்கும் புதியதன்று. ஆயினும் இங்கு அது மரியாதையோடு நிற்கவில்லை. அடிமையாக வாங்கப்பட்டதை நினைவூட்டும் பெயரை நீக்கி, அரச வாரிசைப் பெற்றவர் என்னும் தகுதியை முன்னிறுத்தும் அரசியல் தேவையையும் அது நிறைவேற்றியது எனலாம். அவ்வாரிசோ அப்போது உயிரோடில்லை. பெயர் மறைக்கப்பட்டும் ஆட்சி நிலைக்கவில்லை. கலீஃபாவின் ஏற்பு கிடைக்காத நிலையில், சுமார் எண்பது நாள்களுக்குப் பின் தளபதி அய்பக்கிடம் ஆட்சியை ஒப்படைத்து, அவரையே மணந்தார். 1257இல் அய்பக் கொல்லப்பட்டார். சில நாள்களில் ஷஜருத் துர்ரும் கொல்லப்பட்டார்.

மாடத்தில் தோன்றிய மரம்

கெய்ரோவில் சைய்யிதா நஃபீசாவின் அடக்கத்தலத்துக்கு அருகில் ஷஜருத் துர் தமக்கென எழுப்பிய கல்லறை மாடம் இன்றும் உள்ளது. அதன் மிஹ்ராபின் மேல்வளைவில், பொன்னிறப் பின்புலத்தில் கண்ணாடிச் சில்லுகளால் ஆன மரம் ஒன்று சித்திரிக்கப்பட்டுள்ளது. அதன் கனிகள் முத்துச்சிப்பியால் பதிக்கப்பட்டவை. இது அவர் பெயரின் ஓவிய வடிவம் என்பது கலை வரலாற்றாளர் கருத்து. நாணயத்தில் இடம்பெறாத பெயர் தொழுகைத் திசையைக் காட்டும் மாடத்தில் உருவாக இடம்பெற்றது. பிறர் இட்ட பெயரை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை, தமதாக்கிக்கொண்டார் என்று கருத இது இடமளிக்கிறது.

புகழும் அருமையும்

பின்னாளைய வரலாற்றாசிரியர் மக்ரீசி, துருக்கிய மம்லூக் ஆட்சியாளர் வரிசையில் ஷஜருத் துர்ரையே முதலாமவராகக் கொண்டார். ஜுர்ஜி சைதான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பெயரிலேயே ஒரு வரலாற்றுப் புதினம் எழுதினார். கெய்ரோவின் சமாலிக் பகுதியில் ஒரு தெரு இப்பெயரைத் தாங்கியுள்ளது. ஆனால் நூலுக்கும் தெருவுக்கும் பொருந்திய பெயர் தொட்டிலுக்குப் பரவவில்லை.

இதற்கு மூன்று காரணங்களை ஊகிக்கலாம். முதலாவது, குடும்பங்கள் பெரிதும் நாடியவை நபிகளாரின் குடும்பத்தாரும் தோழியரும் தாங்கிய பெயர்களே. இரண்டாவது, ஈருறுப்புத் தொடராகிய இப்பெயர் அரண்மனை அடிமைமுறையின் சாயலை உடையது. அம்முறை மறைந்தபோது பெயரிடல் வகையும் வழக்கிழந்தது. மூன்றாவது, இப்பெயர் ஒரேயொருவரின் பெயராக உறைந்துவிட்டது. அதைச் சொன்னதும் நினைவுக்கு வருவது அவருடைய கொடிய முடிவும்கூட.

உறுப்புச் சொல்லான துர்ரா மட்டும் இன்றும் வாழ்கிறது. குறிப்பாகத் துனீசியாவில் அது நன்கறியப்பட்ட பெண்பெயர். தில்லியை 1236 முதல் 1240 வரை ஆண்ட ரழிய்யாவின் பெயரோடு ஒப்பிடுவதும் பயனுடையது. அவர் சுல்தான் இல்துத்மிஷின் மகள். 'மனநிறைவுற்றவள்' என்று பொருள்படும் அப்பெயர் ரஸியா, ரஜியா என்னும் வடிவங்களில் தமிழ் முஸ்லிம்களிடமும் வழங்குகிறது. இருவரும் ஆண்டனர், இருவரும் கொல்லப்பட்டனர். ஆதலால் கொடிய முடிவு மட்டுமே ஒரு பெயரின் பரவலைத் தடுத்துவிடாது. பெயரின் அமைப்பும் பிறப்பிடமும் கூடுதலான பங்கு வகித்தன எனக் கருதலாம்.

முடிவுரை

ஷஜருத் துர் என்னும் பெயர் பொருளால் இனியது. தோற்றத்தால் ஒரு பெண்ணின் முந்தைய அடையாளம் பறிக்கப்பட்டதற்குச் சான்றானது. ஆட்சிக் காலத்தில் நாணயம் அதை விடுத்தது. கல்லறை மாடம் அதை ஏற்றது. பெயர்களின் அகராதிப் பொருளை மட்டும் தருவது பெயரியல் ஆய்வுக்குப் போதாது. யார் இட்டார், எந்நிலையில் இட்டார், எங்கெல்லாம் அப்பெயர் எழுதப்படாமல் விடப்பட்டது என்னும் வினாக்களையும் சேர்த்து எழுப்பும்போதே ஓர் அரிய பெயரின் அருமைக்கு வரலாற்று விளக்கம் கிடைக்கிறது.