ராத்திரி ஏதாச்சும் ஆனா?

அப்பாவுக்குப் போன வருஷம் ஹோல்ட்டர் மாட்டினார்கள். நெஞ்சில் ஐந்தாறு இடத்தில் ஒட்டி, ஒயர்களை இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியில் சொருகி, "இருபத்திநாலு மணி நேரம் குளிக்கக் கூடாது, மத்தபடி வழக்கம் போல இருங்க ஐயா" என்று அனுப்பி வைத்தார் டெக்னீஷியன் பையன். கூடவே ஒரு தாள். எப்போது நடந்தோம், எப்போது சாப்பிட்டோம், எப்போது படபடப்பு வந்தது என்று நேரம் போட்டு எழுத வேண்டுமாம்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்: "இப்ப இதை யாரு தம்பி பாத்துக்கிட்டு இருக்காங்க?"

"இப்ப யாரும் பாக்க மாட்டாங்க ஐயா. நாளைக்குக் கழட்டினப்புறம் கம்ப்யூட்டர்ல போட்டுத்தான் பாப்போம்."

"அப்ப ராத்திரி ஏதாச்சும் ஆனா?"

"அது பதிவாயிடும் ஐயா."

பையன் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் ஆட்டோவில் வரும்போது அப்பா அதையே இரண்டு முறை சொல்லிச் சிரித்தார், அவ்வளவு சந்தோஷமான சிரிப்பு இல்லை. எனக்கு அந்தக் கேள்வி மண்டையைக் குடைய ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன். (ரொம்ப நாளாக அது 'ஹோல்டர்' என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எதையோ பிடித்துக்கொள்வதால் அந்தப் பெயர் என்று. அது ஒரு மனிதரின் பெயர். அவரிடம் அப்புறம் வருகிறேன்.)

முதல் ஆச்சரியம் என்னவென்றால், தூரத்தில் இருக்கும் இதயத்தைப் பார்ப்பது நூறு வருஷத்துக்கும் பழைய சமாசாரம். நெதர்லாந்தின் லெய்டன் ஊரில் வில்லெம் ஐன்தோவன் என்ற பேராசிரியர் இருந்தார். ஜாவாவின் செமாரங்கில் பிறந்தவர். இன்று நாம் பார்க்கும் ஈசிஜிக்கு அடித்தளம் போட்டவர், 1924ல் நோபல் வாங்கியவர். இதயத்தின் மின்சாரத்தை அளக்க அவர் செய்த கருவி கிட்டத்தட்ட 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் வேண்டும், மின்காந்தம் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓட வேண்டும். நோயாளி கையையும் காலையும் உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், கருவி இருந்தது ஆராய்ச்சிக்கூடத்தில். நோயாளிகள் இருந்தது ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஆஸ்பத்திரியில். இதைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது, படுத்த படுக்கையாய் இருப்பவரை இங்கே கொண்டுவரவும் முடியாது. அதனால் நடுவில் டெலிபோன் கம்பி வழியாக இதயத் துடிப்பையே வரவழைத்துவிட்டார் மனுஷன். 1905 மார்ச் 22ந்தேதி முதல் 'டெலிகார்டியோகிராம்' பதிவானது. அன்றைக்கு மறுமுனையில் இருந்தவர் நோயாளி இல்லை, நல்ல திடகாத்திரமான ஆள். அவருடைய ஈசிஜியில் அலைகள் உயரம் உயரமாக இருந்தனவாம். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போனதால்தான் அப்படி என்று காரணம் எழுதி வைத்திருக்கிறார்கள். 1906ல் இதைப் பற்றி ஐன்தோவன் எழுதிய கட்டுரையிலேயே இதயம் தாறுமாறாகத் துடிப்பது, இடையில் திடீரென்று வரும் அதிகப்படித் துடிப்புகள் என்று பலவகைக் கோளாறுகளின் படங்கள் வந்துவிட்டன.

ஆக, கம்பியின் இந்த முனையில் ஐன்தோவனும் அவர் ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் கேள்விக்கு 1905ல் பதில் இருந்தது! அந்த ஆள் எங்கே காணாமல் போனார் என்பதுதான் அடுத்த கதை.

நார்மன் ஹோல்ட்டர், 1914ல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து ஹெலனா ஊரில் பிறந்தவர். டாக்டர் இல்லை, இயற்பியல்காரர். யுத்தம் முடிந்து 1946ல் பிகினித் தீவில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தார்களே, அங்கே கடல் அலைகளை அளக்கும் வேலையில் இருந்தவர். அப்புறம் ஊருக்குத் திரும்பி, பழைய ரயில்வே ஸ்டேஷன் கட்டடத்தில் சொந்த ஆராய்ச்சிக்கூடம் வைத்துக்கொண்டார். படுத்துக் கிடக்கிற உடம்பை அளந்து என்ன பிரயோஜனம், மனுஷன் நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் அளக்க வேண்டும் என்பது அவர் கட்சி. முதலில் மூளையின் மின்சாரத்தைத்தான் ரேடியோவில் அனுப்பப் பார்த்தார். இதயத்தின் மின்னழுத்தம் அதைவிடப் பத்து மடங்கு பெரிசு, பிடிப்பது சுலபம். அதனால் இதயத்துக்கு மாறினார்.

1940களின் கடைசியில் அவர் செய்த முதல் கருவி முதுகில் சுமக்கும் மூட்டை, 38 கிலோ. அதைச் சுமந்தால் யாருக்கும் படபடப்பு வரும், அது வேறு விஷயம். டிரான்சிஸ்டர் வந்தபிறகு எடை குறைந்தது. ஆனால் ரேடியோ என்றால் ஆன்டெனாவின் எல்லைக்குள்தான் நடமாட வேண்டும். ஆகவே ரேடியோவை விட்டுவிட்டு, நாடாவில் பதிவு செய்யும் டேப் ரிக்கார்டரை ஆளின் உடம்பிலேயே மாட்டிவிட்டார். நாள் முழுக்கப் பதிவானதை உட்கார்ந்து பார்க்க இன்னொரு நாள் ஆகுமே? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்: அறுபது மடங்கு வேகத்தில் ஓட்டுவது. 24 மணி நேரம் 24 நிமிஷத்தில் முடிந்துவிடும். துடிப்புகள் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், கூடவே ஒலியாகவும் கேட்கும். தப்பான துடிப்பு வந்தால் சத்தம் மாறும், காதே கண்டுபிடித்துவிடும். 1961ல் 'சயின்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதினார். அடுத்த வருஷமே டெல் மார் என்ற கம்பெனி கருவியைத் தயாரிக்க ஆரம்பித்தது.

இங்கேதான் விஷயம் மாறுகிறது. மனிதனுக்கு நடமாடும் சுதந்திரம் கிடைத்தது. பதிலுக்கு, பார்த்துக்கொண்டிருந்த ஆள் எழுந்து போய்விட்டார். 'இப்போது என்ன நடக்கிறது' என்பது 'நேற்று என்ன நடந்தது' என்று ஆகிவிட்டது. அப்பாவின் இடுப்பில் இருந்தது அந்தப் பெட்டியின் பேரன்தான்.

சரி, ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது, நிலாவில்.

1971 ஜூலை, அப்போலோ 15. டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் நிலாவில் இறங்கினார்கள், ஆல்ஃபிரட் வோர்டன் மேலே சுற்றிக்கொண்டிருந்தார். மூன்று தடவை வெளியே போய், மொத்தம் பதினெட்டரை மணி நேரம் வேலை. இர்வினின் உடைக்குள் இருந்த தண்ணீர்ப் பை மக்கர் செய்தது, குடிக்க முடியவில்லை. அத்தனையும் முடித்துத் தாய்க்கலத்தில் வந்து சேர்ந்தபோது, ஹூஸ்டனில் டாக்டர்களின் திரையில் இர்வினின் இதயம் ஒரு சரியான துடிப்பு, ஒரு தப்பான துடிப்பு என்று மாறி மாறி ஓடியது. பைஜெமினி என்று பெயர். நெஞ்சில் ஒட்டிய மின்வாய்களிலிருந்து கிளம்பி மூன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர் தாண்டி, ஒன்றேகால் விநாடியில் வந்து சேர்ந்த சேதி.

தலைமை மருத்துவர் சார்லஸ் பெர்ரி. அவருடைய கணக்கு இது: பூமியில் இப்படி ஒருவர் வந்தால் தீவிர சிகிச்சையில் படுக்கவைத்து ஆக்ஸிஜன் கொடுத்து இடைவிடாமல் கண்காணிப்போம். இர்வின் ஏற்கெனவே சுத்த ஆக்ஸிஜனில், எடையே இல்லாமல், இடைவிடாத கண்காணிப்பில்தான் இருக்கிறார். அதைவிட நல்ல வார்டு எங்கே இருக்கிறது? நியாயம்தான். ஆனால் இதயம் இப்படி ஓடுகிறது என்று விண்கலத்தில் இருந்தவர்களிடம் சொல்லவில்லை. உலகத்திலேயே மிக அதிகமாகக் கவனிக்கப்பட்ட இதயம், அந்த இதயத்தின் சொந்தக்காரருக்கு மட்டும் தெரியாது. இது எனக்கு இன்னமும் ஜீரணமாகவில்லை.

பொட்டாசியம் குறைந்ததுதான் காரணம் என்று முடிவு செய்தார்கள். அடுத்த அப்போலோ 16ல் ஆரஞ்சு ஜூஸில் பொட்டாசியம் கலந்து கொடுத்தார்கள். அது வயிற்றில் செய்த கோளாறைப் பற்றி ஜான் யங் மைக் திறந்திருப்பது தெரியாமல் புலம்பியது தனிக்கதை. இர்வினுக்கு 1973ல் மாரடைப்பு வந்தது, 43 வயது. 1991ல் மாரடைப்பிலேயே இறந்தார். 1971ல் திரையில் தெரிந்தது வரப்போவதன் முன்னறிவிப்பா, வெறும் களைப்பா? அந்தக் கோட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இதைவிட மோசமான பாடம் ஒன்று 1989ல். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு ஹோல்ட்டர் மாட்டிப் பார்த்தபோது, இடையிடையே அதிகப்படித் துடிப்புகள் நிறைய வருகிறவர்கள் திடீரென்று சாகும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. அப்படியானால் அந்தத் துடிப்புகளை மருந்து கொடுத்து அடக்கிவிட்டால் சாவைத் தடுக்கலாமே? யாருக்கும் தோன்றக்கூடியதுதான். மருந்துகளும் இருந்தன: ஃப்ளெகைனைடு, என்கைனைடு. கொடுத்துவிட்டு ஹோல்ட்டரில் பார்த்தால் கோடு சுத்தமாக, அழகாக இருக்கும். டாக்டருக்கும் திருப்தி, நோயாளிக்கும் திருப்தி.

இதை முறைப்படி சோதிக்க 'காஸ்ட்' என்ற ஆய்வு 1987ல் தொடங்கியது. மருந்து யாருக்குக் கேட்கிறது என்று ஹோல்ட்டர் வைத்தே பொறுக்கி எடுத்து, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. 1989 ஏப்ரலில் இந்த இரண்டு மருந்துகளையும் அவசரமாக நிறுத்தினார்கள். 1991ல் வந்த முழுக்கணக்கு: மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 சாவு, வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26. காகிதத்தில் கோடு நன்றாக ஆனவர்கள் கூடுதலாகச் செத்தார்கள். அடையாளத்தை அழித்தால் ஆபத்து அழிந்துவிடும் என்று நினைத்தது தப்பு. மாரடைப்பில் தழும்பேறிய இதயத்தில் அந்த மருந்தே புதிதாக உயிரைப் பறிக்கும் துடிப்புக் கோளாறைக் கிளப்பியது.

அப்பாவின் ரிப்போர்ட்டிலும் இந்த அதிகப்படித் துடிப்புகள் கொஞ்சம் இருந்தன. டாக்டர் எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, இதற்கென்று தனி மருந்து வேண்டாம் என்றார். "கண்டுபிடிச்சுட்டு சும்மா விட்டுட்டாரேடா" என்று அப்பாவுக்கு மனக்குறை. காஸ்ட் கதையை அரை மணி நேரம் சொன்னேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

இனி சமீபத்து விஷயம். இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் நோயாளிகள் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். மூச்சுத் திணறுவதற்குச் சில நாள் முன்னாலேயே எடை ஏறத் தொடங்கும். தினமும் எடையைச் சொல்லச் சொன்னால் முன்கூட்டியே பிடித்துவிடலாம் அல்லவா? அமெரிக்காவில் 1653 பேரை வைத்துச் செய்த 'டெலி-எச்எஃப்' ஆய்வில் நோயாளிகள் தினமும் போன் செய்து, பதிவு செய்த குரல் கேட்கும் கேள்விகளுக்குப் பட்டனை அமுக்கிப் பதில் சொன்னார்கள். 2010ல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்கள் அல்லது மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள்: இந்த ஏற்பாட்டில் 52.3 சதவீதம், வழக்கமான வைத்தியத்தில் 51.5. ஒரு பிரயோஜனமும் இல்லை. ஏழில் ஒருவர் ஒரு தடவைகூடப் போன் செய்யவே இல்லையாம். மெஷினோடு தினமும் பேச யாருக்குப் பொறுமை இருக்கும்? சொன்னதை டாக்டர்கள் வேலை நாட்களில் பார்த்தார்கள்.

ஜெர்மனியில் 'டிம்-எச்எஃப் 2' என்று 1571 பேருடன் செய்த ஆய்வின் முடிவு 2018ல் வந்தது. எடை, ரத்த அழுத்தம், ஈசிஜி என்று அங்கேயும் கிட்டத்தட்ட அதே சமாசாரம்தான். ஆனால் பெர்லினில் ஷாரிட்டே ஆஸ்பத்திரியில் 24 மணி நேரமும் டாக்டரும் நர்ஸும் உட்கார்ந்திருந்தார்கள். எண் தப்பாகத் தெரிந்தால் நோயாளியைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், மருந்தை மாற்றச் சொல்வார்கள். ஓர் ஆண்டில் நூற்றுக்கு 11.3 ஆக இருந்த சாவு 7.9 ஆகக் குறைந்தது. இரண்டு ஆய்வுக்கும் வேறு வித்தியாசங்களும் உண்டு, நோயாளிகளும் வேறு வகை. ஆனால் எனக்குக் கண்ணில் படுவது அந்த ராத்திரி நாற்காலிதான். கருவிக்கு ஆகும் செலவைவிட அந்த நாற்காலியில் ஆள் வைக்கும் செலவு பெரிசு. அதனால்தான் கருவி சீக்கிரம் வருகிறது, ஆள் வருவதில்லை.

பெர்லின் விஷயத்தை அப்பாவிடம் சொன்னபோது கவனமாகக் கேட்டார். "அந்த நர்ஸம்மாவுக்கு நம்ம பாஷை தெரியுமா?" என்றார்.

அன்றைக்கு ஹோல்ட்டரோடு கொடுத்த தாளை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். அப்பாவின் கையெழுத்தில் கடைசி மூன்று வரிகள்: 'இரவு 10.15 படுத்தேன். 2.10 விழித்தேன், படபடப்பு இல்லை, தண்ணீர் குடித்தேன். 2.40 இன்னும் விழித்திருக்கிறேன்.'